மறுவாழ்வு முகாமுக்கு உடல்நலக் காணொலி எடுப்பது எப்படி?

நாங்கள் எடுத்த முதல் காணொலி வயிற்றுப்போக்கு பற்றியது. ஓடும் நேரம் நான்கு நிமிடம். ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கலந்து குடிக்கக் கொடுங்கள்: சொல்ல வந்த செய்தி இவ்வளவுதான். தென் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இரவு ஏழரை மணிக்குச் சுவரில் வேட்டியைக் கட்டித் திரையிட்டோம். முப்பது பேர் வந்தார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அம்மம்மா ஒருவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "அம்மம்மா, நேற்றுப் பார்த்ததை ஒருமுறை செய்து காட்டுங்களேன்" என்றேன். மகிழ்ச்சியோடு எழுந்தார். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டார். குழம்புச் சட்டியில் கிடந்த கரண்டியைக் கழுவி எடுத்தார். கருப்பட்டியைத் தட்டித் தூளாக்கி ஆறு கரண்டி போட்டார். அதே கரண்டியை உப்பு ஜாடிக்குள் விட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிழை அவருடையதன்று. யாழ்ப்பாணப் பேச்சில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. தேக்கரண்டி என்று வாயால் சொன்னோமே தவிர, குழம்புக் கரண்டியின் பக்கத்தில் வைத்து 'இது, அது இல்லை' என்று நாங்கள் காட்டவில்லை. ஒரு லிட்டர் என்பது எந்தப் பாத்திரத்தில் எதுவரை என்றும் காட்டவில்லை. வெல்லம் போட்டதில்கூடப் பெரிய தவறில்லை. ஆனால் தண்ணீர் குறைந்து உப்பு கூடினால், காப்பாற்ற வேண்டிய கரைசலே குழந்தைக்குக் கேடாகிவிடும். நல்ல வெளிச்சம், தெளிவான ஒலி, இனிய குரல் எல்லாம் இருந்தும் எங்கள் காணொலி ஆபத்தானதாக இருந்தது. அந்தக் காலை நேரத்தில் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் அது எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக, அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கேமராவைப் பற்றிக் குறைவாகவும் மற்றவற்றைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

முதல் நாள் கேமரா வேண்டாம்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களும், போர் மூண்ட ஒவ்வொரு முறையும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பலருக்கு முதல் நிழல் மண்டபம் முகாம். இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று 2021 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. அந்தப் பெயரையே நீங்களும் சொல்லுங்கள். காணொலிக்குள் 'அகதி' என்ற சொல் வரவே வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் கேட்டுக் களைத்தவர்கள் அவர்கள்.

முகாம்கள் வருவாய்த் துறையின் பொறுப்பிலும் காவல்துறையின் பார்வையிலும் இருப்பவை. அனுமதியில்லாமல் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தால் உங்களுக்கு வருவது ஒரு கண்டிப்போடு முடிந்துவிடலாம். உங்களை உள்ளே அழைத்துப் பேசிய குடும்பத்துக்கு விசாரணை வரும். அதனால் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுங்கள். முகாம் தலைவரைப் பாருங்கள். அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரையும் கிராம சுகாதார செவிலியரையும் பாருங்கள். முகாமுக்குள் நெடுங்காலமாக வேலை செய்கிற அமைப்புகள் உண்டு. 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவற்றில் ஒன்று. முகாமில் பிறந்து வளர்ந்து பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் இருந்தால், நீங்கள் அவர்களுக்கு உதவியாளராகப் போவதே சரி. தலைமை அவர்களிடம் இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று முறை வெறுங்கையோடு போங்கள். தேநீர் கொடுப்பார்கள், குடியுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எதில் பிடித்து வைக்கிறார்கள், கழிப்பறை எவ்வளவு தூரம், இரவில் அங்கே விளக்கு உண்டா என்று கண்ணால் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டைப் பார்த்த பிறகு, 'காசநோயாளிக்குத் தனி அறை கொடுங்கள்' என்று எழுத உங்களுக்குக் கை வராது. அந்த அறையில் ஒரே ஒரு சன்னல் இருந்தால் அதைத் திறந்து வைப்பது, நோயாளி அதன் பக்கம் தலை வைத்துப் படுப்பது, இருமும்போது வாயை மூடத் துணி வைத்துக்கொள்வது என்று, அங்கே செய்ய முடிந்ததை எழுதுவீர்கள்.

ஒரு காணொலி, ஒரு செயல்

'டெங்கு விழிப்புணர்வு' என்று ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டால் அது எங்கும் போய்ச் சேராது. பார்த்து முடித்தவர் அன்றே தன் கையால் செய்யக்கூடிய ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். முகாமில் தண்ணீர் பிளாஸ்டிக் டிரம்களில்தான் நிற்கும். ஏடிஸ் கொசு அந்த டிரம்மின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. ஆகவே செயல் இதுதான்: வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணியால் மூடிக் கட்ட வேண்டும். இதற்கு மூன்று நிமிடம் போதும். காய்ச்சலின் அறிகுறி இன்னொரு காணொலிக்கு இருக்கட்டும்.

எந்தச் செயல் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். செவிலியரிடம், "ஒவ்வொரு வாரமும் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். குழாயடியில் நிற்கும் பெண்களிடம், "ஆஸ்பத்திரியில் சொன்னதில் எது புரியவில்லை?" என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில்களில் பாதி நோயைப் பற்றியே இல்லை. எந்த வரிசையில் நிற்பது, எந்த அட்டையை எடுத்துப் போவது, 'முகாம்' என்று சொன்னால் ஒதுக்குவார்களா என்பவையே அவர்களுடைய கேள்விகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகள் வருமான வரம்பின்றிச் சேரலாம் என்பதைப் பலர் எங்கள் காணொலி வழியாகத்தான் முதன்முறை கேட்டார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியது. அந்தப் பணியாளர் எந்தக் கிழமை வருவார் என்பதே ஒரு வீட்டுக்குப் பெரிய செய்தி. உடல்நலக் கல்வி என்றால் கிருமியைப் பற்றி மட்டும் பேசுவது என்று நினைத்திருந்தேன். வாசலைக் காட்டுவதும் அதில் சேர்ந்ததே.

எந்தச் சொல்லில் சொல்வது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். எல்லாம் தமிழ்தானே என்று நினைத்து நாங்கள் ஏமாந்த இடம் இது.

முகாமில் இன்று மூன்று தலைமுறை இருக்கிறது. முதல் தலைமுறை சத்தி என்பதை மூன்றாம் தலைமுறை வாந்தி என்கிறது. வயிற்றோட்டம் என்று அம்மம்மா சொல்வார். வயிற்றுப்போக்கு என்று பேத்தி சொல்வாள். வெளியே கட்டட வேலைக்குப் போய்வரும் மகன் பேதி என்பார். கொசு அங்கே நுளம்பு, சளி தடிமன், மாத்திரை குளிசை. நீரிழிவைச் சலரோகம் என்பவர்கள் உண்டு. மஞ்சள் காமாலையைச் செங்கண்மாரி என்பார்கள். டைபாய்டை நெருப்புக் காய்ச்சல் என்றும், தட்டம்மையைச் சின்னமுத்து என்றும், ஆஸ்துமாவைத் தொய்வு என்றும் சொல்வார்கள். கக்குவான் இருமல் அவர்களுக்குக் குக்கல், பொன்னுக்குவீங்கி கூகைக்கட்டு. 'தட்டம்மைத் தடுப்பூசி' என்று திரையில் வந்தால் பேத்திக்குப் புரியும். குழந்தையை ஊசிக்கு அழைத்துப் போவதா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்கிற பாட்டிக்கு அது வேறேதோ புதிய நோயாகத் தோன்றும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. முதல்முறை சொல்லும்போது இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்வது: "சின்னமுத்து, இங்கே தட்டம்மை என்கிறார்களே, அது." அதன் பிறகு ஆஸ்பத்திரியில் காதில் விழப்போகிற சொல்லையே தொடர்ந்து சொல்வது. ஏனெனில் நாளை அவர் மருத்துவரிடம் போய் நிற்கும்போது அந்தச் சொல்தான் தேவைப்படும். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை இலங்கையில் ஜீவனி என்ற பெயரில் அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "ஜீவனி மாதிரியே, இங்கே ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்குங்கள்" என்று ஒரு வரி சேர்த்ததும், கூட்டத்தில் முதியவர்கள் தலை அசைத்தார்கள்.

தெரிந்த சொல்லின் மேல் புதிய மருந்தை ஏற்றி வைப்பது மருத்துவர்களே கையாண்ட வழி. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கில் ஏதிலிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தபோது, எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றச் சேலைன் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற இளம் மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கோப்பையால் மொண்டு கொடுக்க வைத்தார். அதை 'வாய்வழிச் சேலைன்' என்று அழைத்தார்கள். மக்கள் ஏற்கெனவே நம்பியது சேலைனைத்தான். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அந்த முகாமில் நான்கு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. நம் முகாம்களிலும் 'டிரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும்' என்ற நம்பிக்கை வலுவானது. அதோடு மோதாமல், "டிரிப்ஸில் ஏறுகிற உப்பும் நீரும்தான் இதிலும் இருக்கிறது, குடிக்க முடிகிற பிள்ளைக்கு வாயே போதும்" என்று சொல்லிப் பாருங்கள்.

திரையில் எழுத்தை நம்பாதீர்கள். படிக்கத் தெரியாதவர்களும், கண்ணாடி இல்லாததால் படிக்க முடியாதவர்களும் பார்ப்பவர்களில் இருப்பார்கள். நீங்கள் பிற மக்களிடம் போகும்போது இது இன்னும் முக்கியம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் இருக்கும் ரோகிங்கியாக்களின் மொழியை எழுதிப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களிலேயே குறைவு. நம் ஊர் நரிக்குறவர்களின் வாக்ரிபோலி மொழிக்கும் வழக்கில் எழுத்தில்லை. குரலும் கையும்தான் அங்கே பேசும்.

மருத்துவர் பார்த்த பிறகே படப்பிடிப்பு

உரையை எழுதி முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அவர் கையால் குறியிட்டு வாங்குங்கள். படம் எடுத்த பிறகு திருத்துவது பெரும்பாடு. வயிற்றுப்போக்குக் காணொலியில் நாங்கள் குறி வாங்கியவை: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி கரைசல், அதற்கு மேற்பட்ட வயதுக்கு 100 முதல் 200 மில்லி, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாக, கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழி விழுந்த கண், அழுதால் கண்ணீர் வராமை, சிறுநீர் போகாமை, குடிக்க முடியாத சோர்வு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அருகில் வைத்துக் காட்டுங்கள். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் கடையில் கிடைக்கின்றன. சிறியதை ஒரு லிட்டரில் கலந்தால் பலனில்லை. பெரியதை ஒரு டம்ளரில் கலந்தால் ஆபத்து. பாக்கெட்டில் அளவு அச்சிடப்பட்டிருக்கும் மூலையின் மேல் விரலை வைத்து, இரண்டு வினாடி அப்படியே நிறுத்துங்கள். சரியான அளவில் உப்பு இல்லாத இனிப்புப் பானங்களும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் அட்டைப்பெட்டியில் விற்கப்பட்டு வந்தன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. எனவே எதை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

மாறக்கூடியதைக் காணொலிக்குள் வைக்காதீர்கள். காசநோயாளிகளின் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் என்று ஒரு காணொலியில் சொல்லியிருந்தோம். 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. காணொலி மட்டும் பழைய தொகையைச் சொல்லிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. தொகை, கிழமை, அறை எண் எல்லாவற்றையும் திரையிடும்போது வாயால் சொல்லுங்கள். காணொலியின் முதல் சட்டகத்தில் மாதமும் ஆண்டும் இருக்கட்டும்.

முகம், பெயர், சம்மதம்

முகாமில் இருப்பவர் முகம் இணையத்தில் சுற்றுவதன் பொருளை நாம் முழுமையாக உணர்வதில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர் இருப்பார். ஊரில் நிலத் தகராறோடு உறவினர் இருப்பார். காசநோய் பற்றிய காணொலியில் முகம் காட்டிய பெண்ணின் மகளுக்கு வரன் பேச வந்தவர்கள் திரும்பிப் போகக்கூடும். "பரவாயில்லை, எடுங்கள் தம்பி" என்று சொல்வார்கள். உதவி செய்ய வந்தவரிடம் மறுக்கத் தயங்குகிற பண்பு அது. அதைச் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். எடுத்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, உடன் யாரும் இல்லாதபோது மறுபடி கேளுங்கள். பிறகு மனம் மாறினால் நீக்கிவிடுவோம் என்று சொல்லி, நீக்கவும் செய்யுங்கள். குழந்தையின் முகம், நோயாளியின் முகம், வீட்டு எண், முகாமின் பெயர்ப்பலகை ஆகியவை எந்தக் காணொலியிலும் வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தெரிந்த முகம் சொன்னால்தான் மக்கள் நம்புகிறார்கள். 2006-இல் பெங்களூரில் ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன், உழவர்களையே நடிக்க வைத்துக் காணொலி எடுத்து ஊர் ஊராகக் காட்டியது. பார்த்தவர்கள் முதலில் கேட்டது, 'இவர் யார், எந்த ஊர்?' என்பதுதான். ஆகவே நாங்கள் இரண்டு பதிப்புகள் செய்கிறோம். முகாமுக்குள் நேரில் காட்டுகிற பதிப்பில், சம்மதித்தவரின் முகம் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பதிப்பில் அவர் கைகளும் குரலும் மட்டும் வரும். வேலை இரட்டிப்புதான், ஆனாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படம் பிடிக்கும் நாள்

உங்கள் கைப்பேசியே போதும். காசு செலவழிப்பதானால் சட்டையில் குத்துகிற சிறிய மைக் ஒன்றுக்குச் செலவழியுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் குரலை எதிரொலிக்கும். நான்கு பக்கமும் போர்வையோ சேலையோ தொங்கவிட்டால் அது அடங்கும். காலை எட்டு மணி வெளிச்சத்தில், வாசலைப் பார்த்தபடி உட்கார வைத்து எடுங்கள். செய்முறையை எதிரே நின்று எடுக்காமல், செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். பார்ப்பவருக்குத் தன் கையே செய்வதுபோல இருக்கும்.

எங்கள் இரண்டாவது வயிற்றுப்போக்குக் காணொலியில் லிட்டருக்கு அளவாக வைத்தது, எல்லா வீட்டிலும் காலியாகக் கிடக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். நன்றாகக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரைக் கழுத்துவரை நிரப்புவது. தேக்கரண்டியும் குழம்புக் கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில். குவிந்த கரண்டி, கத்தி முதுகால் வழித்த கரண்டி: இரண்டையும் காட்டி, வழித்தது மட்டும் பாட்டிலுக்குள் போகிறது. ஒன்று, இரண்டு என்று ஆறுவரை உரக்க எண்ணுகிறார்கள். உப்புக்கு வழித்த கரண்டியில் நடுவே கோடு போட்டுப் பாதியைத் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் ருசி பார்ப்பது. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும்.

தொகுக்கும்போது இசையைப் பேச்சுக்கு அடியில் போடாதீர்கள். வேகமாக வெட்டாதீர்கள். கூட்டத்துக்குக் காட்டுவதைக் கிடைமட்டமாகவும், கைப்பேசியில் பார்ப்பதற்கானதைச் செங்குத்தாகவும் எடுப்பது நல்லது. அனுப்பும் கோப்பு பதினைந்து எம்.பி.க்குள் இருக்கட்டும். நாள் கணக்கு டேட்டா மாலைக்குள் தீர்ந்துவிடும் வீடுகள் அவை.

திரையிடும் இரவு

ஆண்களில் பலர் பெயிண்ட் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள்; பெண்களில் பலருக்கும் கூலி வேலை உண்டு. எனவே ஏழரைக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். ஆண்களை விட்டுவிடாதீர்கள். முப்பது பேர் கூட்டம் விழாவாகிவிடும். பன்னிரண்டு, பதினைந்து பேர் போதும். நான்கு இரவு திரையிடுங்கள். மாதவிடாய், கருத்தடை பற்றியதானால் பெண்களுக்குத் தனியாக, அவர்கள் சொல்லும் நேரத்தில், கதவு உள்ள இடத்தில்.

காணொலியை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். எங்கே நிறுத்துவது என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கரண்டியை வழிக்கும் இடத்தில் நிறுத்தி, "ஏன் வழிக்கிறார்?" என்று கேளுங்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால் காத்திருங்கள். அந்த அரை நிமிட மௌனத்துக்குப் பயந்து நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். ஓடி முடிந்ததும் பாட்டில், கரண்டி, சீனி, உப்பு எல்லாவற்றையும் நடுவில் வைத்து, "இப்போது யார் செய்து காட்டுகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவர் செய்யும்போது மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். நான்கு நிமிடக் காணொலிக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குவது இதற்காகத்தான்.

வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 1980 முதல் பத்தாண்டு காலம் வீடு வீடாகப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கலக்கிற முறையை ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளில் சொல்லிக் கொடுத்தது. அந்த வீட்டுப் பாடத்தில் காணொலி எதுவும் இல்லை. கற்றுக்கொடுத்த பெண்களுக்குக் கூலி எப்படித் தீர்மானிக்கப்பட்டது தெரியுமா? சில வாரம் கழித்து வேறொருவர் போய், தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறார்களா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே கூலி. அப்படியும் தொடக்கத்தில், கற்ற தாய்மார்களில் மிகச் சிலரே பிள்ளைக்கு அதைக் கொடுத்தார்கள். விசாரித்தபோது, கற்றுக்கொடுத்த பெண்களிலேயே பலர் தங்கள் வீட்டில் அதைப் பயன்படுத்தவில்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரியவந்தன. பிறகு இரண்டையும் சரிசெய்தார்கள். உங்கள் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பிள்ளைக்குப் பேதி வந்தால் என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து

பத்து வீடு தேர்ந்தெடுத்துப் போங்கள். "காணொலி பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள்; பிடித்திருந்தது என்றே சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். டிரம்மின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள்: எது சரி, எந்த இடத்தில் கை தயங்கியது. மூன்று வீட்டில் ஒரே இடத்தில் தயங்கினால் அந்தப் பகுதியை மறுபடி எடுக்க வேண்டும். கூச்சப்படாமல் எடுங்கள். எங்கள் காணொலி மூன்று முறை எடுக்கப்பட்டது. மூன்றாவதில் கரண்டி வழிக்கிற கை அந்த அம்மம்மாவுடையது. சுருக்கம் விழுந்த கட்டைவிரலால் உப்பின் பாதியைத் தள்ளிவிட்டு, "இவ்வளவுதான் பிள்ளை, கூட வேண்டாம்" என்கிறார். அந்த வரி எங்கள் உரையில் இல்லை, அவராகச் சொன்னது.

அந்த மூன்றாவது காணொலிக்குப் பிறகு நாங்கள் போன பத்து வீட்டில் எட்டு வீட்டில் கலவை சரியாக இருந்தது. மற்ற இரண்டு வீட்டிலும் முறை வரிசையாகத் தெரிந்திருந்தது, வீட்டில் தேக்கரண்டிதான் இல்லை. இப்போது திரையிடப் போகும்போது பையில் எஃகுத் தேக்கரண்டிகளும், செவிலியரிடம் கேட்டு வாங்கிய பாக்கெட்டுகளும் எடுத்துப் போகிறோம். பாக்கெட்டுகளில் பத்தை முகாமிலேயே ஒரு வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். எந்த வீட்டில் என்பதைக் காணொலியில் சொல்வதில்லை, கூட்டத்தில் வாயால் சொல்கிறோம்.